நான்கு பெயர் கொண்ட கல்மேடு: வட ஆர்க்காட்டு மலையுச்சி ஈமக்குவியல் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நான் நில அளவைத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவன். தொல்லியல் படித்தவன் அல்லன். வேலூரில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறி, கல்வெட்டு, நடுகல், கல்வட்டம் என்று கண்ணில் படுவதைக் குறித்து வைப்போம். அந்தக் குழுவில் முறையாகத் தொல்லியல் பயின்றவர் ஓர் இளைஞர் மட்டும்தான். இந்தக் குறிப்பை எழுதுவதற்குக் காரணம் நாங்கள் செய்த நல்ல காரியம் ஒன்றும், செய்த இரண்டு தவறுகளும். தவறுகளைத்தான் விரிவாக எழுதப்போகிறேன்.

இடம் பழைய வட ஆர்க்காடு மாவட்டம். 1989-இல் அது இரண்டாகவும், அதில் வேலூர்ப் பகுதி 2019-இல் மறுபடி மூன்றாகவும் பிரிந்தது. ஊர் இப்போது எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதையும் நான் எழுதவில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும். சவ்வாது மலை தெற்கே தெரியும் ஒரு சிற்றூர் என்பது போதும்.

ஊருக்கு மேற்கே மொட்டைக் கருங்கல் குன்று. உச்சியில் ஒரு கல்மேடு. கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலையில் கொப்பரையில் தீபம் ஏறும் அதே அந்தியில் இந்த மேட்டின் மீதும் தீபம் ஏற்றுவது ஊர் வழக்கம். மேடு ஆண்டுக்கு ஆண்டு சரிகிறது, தீபச்சட்டி சாய்கிறது என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்தது. கற்களை வாரித் தள்ளிவிட்டுப் பத்தடிக்குப் பத்தடி சிமெண்டு மேடை கட்டுவதென்று முடிவானது. நன்கொடை பிரித்தாகிவிட்டது. புரட்டாசி கடைசியில், வேலை தொடங்க நான்கு நாள் இருக்கையில், அந்த ஊர்க் கல்லூரி மாணவன் ஒருவன் என்னைத் தொலைபேசியில் அழைத்தான். "ஐயா, மேட்டுக்கு நடுவில் ஒரு பலகைக் கல் தெரிகிறது. கீழே வெற்றிடம் இருக்கிறது போல ஓசை கேட்கிறது. வந்து பார்க்கிறீர்களா?"

முதல் நாள் பார்த்தவை

ஏறுவதற்கு முக்கால் மணி நேரம். பாதி வழியில் படியாகக் கிடந்த இரண்டு உருண்டைக் கற்கள் அந்தப் பாறைக்கு உரியவை போலத் தோன்றவில்லை. அப்போது கடந்து போய்விட்டோம்.

மேட்டின் குறுக்களவு ஒன்பது மீட்டருக்குச் சற்றுக் குறைவு. உயரம் ஓர் ஆளின் நெஞ்சு மட்டம். ஓரத்தில் புல்லை விலக்கினால் பெரிய உருண்டைக் கற்கள் வட்டமாக வரிசையில் நின்றன. எண்ணினோம், இருபத்து மூன்று. இடைவெளிகளைப் பார்த்தால் இன்னும் நாலைந்து இருந்திருக்க வேண்டும். அதில் இரண்டுதான் வழியில் படியாகக் கிடந்தவை.

வட்டத்துக்குள் கற்குவை. அதன் நடுவே பையன் சொன்ன பலகைக் கல். இது இரும்புக் காலத்து ஈமச்சின்னம் என்பதில் எங்கள் இளைஞருக்கு ஐயம் இல்லை. சுற்றிலும் கல்வட்டம், உள்ளே நிலத்தில் பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய பதுக்கை, மேலே மூடுகல், அதன்மேல் கற்குவியல் என்பது இந்த வட்டாரத்தில் நன்கு தெரிந்த அமைப்பு. திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளியில் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்து, புதிய கற்கால மக்களும் அவர்களுக்குப் பின் இரும்புக் கால மக்களும் வாழ்ந்ததைக் காட்டியது. வந்தவாசிப் பக்கம் கீழ்நமண்டியில் 2023-இல் மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, கால் வைத்த சுடுமண் ஈமப்பேழைகளே வெளிவந்தன. ஆகவே உச்சியில் ஒரு ஈமக்குவியல் இருப்பது வியப்பில்லை. எங்களைக் கட்டிப்போட்டது அதன்மேல் படிந்திருந்த மற்றவைதான்.

தென்மேற்குச் சரிவில் ஒரு பலகைக் கல்லை நிறுத்தியிருந்தார்கள். அதில் வில்லேந்திய வீரன். முகம் தேய்ந்து வெறும் முட்டையாகிவிட்டது; முழங்காலும் வில்லின் வளைவும் மட்டும் துல்லியம். மஞ்சளும் எண்ணெயும் அப்பி அப்பிக் கல் கருத்திருந்தது. ஊரார் இதை வேடியப்பன் என்கிறார்கள். செங்கம், திருப்பத்தூர், தருமபுரி வட்டாரத்தில் நடுகல்லுக்கு வழங்கும் பெயர் அது. செங்கம் நடுகற்கள் பலவற்றில் வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்து இருக்கும். இதில் எழுத்து இல்லை. ஆகவே காலம் எழுதாமல் விட்டோம்.

மூடுகல்லின் மேற்பரப்பைத் துடைத்தபோது என் தொழில் குறுக்கே வந்தது. உளியால் கொத்திய ஒரு வட்டம், நடுவே ஒரு புள்ளி. உள்ளங்கை அளவு. இது அளவை நிலையத்தின் குறி, அதாவது நில அளவைக் கருவியை நிறுத்தும் இடத்தின் அடையாளம். 1802-இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவை இந்தச் சீமையைக் கடந்துதான் மேற்கே போனது. அதன் பின்வந்த அளவைக்காரர்களும் உச்சிகளில் குறி வெட்டி, கல் குவித்து, கொடி நட்டார்கள். இதை எவர், எந்த ஆண்டில் வெட்டினார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு முன்னால் அதே வேலை பார்த்த ஒருவன், அசையாத கல் எது என்று தேடி, செத்தவனின் கூரையைத் தேர்ந்திருக்கிறான். சிறிது நேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மூடுகல்லுக்குக் கிழக்கே தீபமேடை. அடியில் செங்கல்லும் சுண்ணாம்பும். மேலே சிமெண்டுப் பூச்சு, அது ஈரமாக இருந்தபோது யாரோ குச்சியால் 1987 என்று கீறியிருக்கிறார். சுற்றிலும் எண்ணெய் ஊறிய மண், கட்டியாக, கரிவாசனையோடு. அந்த மண்ணிலிருந்து அகல் விளக்கின் ஓடும், கருப்பு-சிவப்புப் பானையின் ஒரு விளிம்புத் துண்டும் ஒரே கைப்பிடியில் வந்தன. உள்ளும் வாயும் கருப்பு, வெளியே சிவப்பு. பானையைக் கவிழ்த்துச் சுடுவதால் காற்றுப் படாத பக்கம் கருக்கிறது. இரண்டையும் எடுத்த இடத்திலேயே வைத்தோம்.

பெயர்களையும் குறித்துக்கொண்டேன். கிழவர்களுக்கு அது வாலியர் மேடு. குள்ள மனிதர்களான வாலியர் கட்டிய வீடு உள்ளே இருக்கிறது என்பார்கள். ஆடு மேய்ப்பவர்களுக்கு வேடியப்பன் குவியல். பழைய தலையாரி ஒருவர் கொடிக்கல் என்றார். இளைஞர்களுக்குத் தீபமேடு. கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்கும் ஒரே இடமும் அதுதான், அந்தப் பெயர் மட்டும் இன்னும் வரவில்லை. வருவாய்க் கணக்கில் இத்தனைக்கும் சேர்த்து ஒரே சொல்: கல்லாங்குத்து, அதாவது பயிருக்கு ஆகாத கல்தரை.

முதல் தவறு

இரண்டாம் முறை போனபோது படம் வரைவதற்காக வட்டத்தைத் தெளிவாக்க வேண்டியிருந்தது. எங்கள் இளைஞர், பிற்காலச் சேர்க்கைகளை விலக்கினால்தான் அசல் தெரியும் என்றார். நானும் தலையாட்டினேன். வடகிழக்கு ஓரத்தில், வட்டக் கற்கள் இரண்டின் மேல் கூழாங்கல் அளவிலும் முட்டை அளவிலுமாக ஒரு சிறு குவியல் இருந்தது. சரிந்து வந்த சல்லி என்று நினைத்தோம். படம்கூட எடுக்காமல் அரைமணி நேரத்தில் வாரி ஓரமாகக் கொட்டினோம்.

ஆடுகளோடு ஒரு மூதாட்டி வந்தார். எண்பதுக்கு மேல் இருக்கும். கொட்டிய கற்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "ஆயா, இது என்ன குவியல்?" என்று கேட்டேன். ஒவ்வோர் ஆண்டும் மந்தையில் முதல் குட்டி விழுந்ததும் ஒரு கல் கொண்டுவந்து வைப்பது அவர்கள் வழக்கமாம். அவர் மாமியாரும் வைத்தார், மாமியாரின் மாமியாரும் வைத்தார். அது சல்லி அல்ல, கணக்கு. எத்தனை ஆண்டுக் கணக்கு என்பதை நாங்கள் எண்ணாமலேயே கலைத்துவிட்டோம். அவர் கோபப்படவில்லை. "எடுத்த கையாலேயே வைத்துவிடுங்கள் தம்பி," என்றார். வைத்தோம். அடியில் இருந்த கல் இப்போது மேலே இருக்கலாம். கடைசியாக எண்ணி வைத்ததில் 141. கொட்டியபோது புல்லில் உருண்டவை இதில் சேரவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்று மாலையே குழுவுக்குள் வாக்குவாதம். அந்தக் குவியல் எங்களுக்கு ஒன்றைக் காட்டிவிட்டது. எது அசல், எது சேர்க்கை என்று பிரிக்கும் உரிமை எங்களுக்கு எங்கிருந்து வந்தது? ஈமக்குவியல் இத்தனை காலம் நின்றதற்குக் காரணமே, அடுத்தடுத்து வந்தவர்கள் அதற்கு ஏதோ ஒரு வேலை கொடுத்ததுதான். பக்கத்துக் குன்றில் இருந்த கல்வட்டத்துக்கு யாரும் விளக்கு வைக்கவில்லை. அது இப்போது கல்குவாரி. எனவே எதையும் அகற்றுவதில்லை, தோண்டுவதில்லை, இருப்பதை இருக்கிறபடி அளந்து பதிவது என்று முடிவு செய்தோம். தோண்ட எங்களுக்குச் சட்டப்படி அதிகாரமும் இல்லை. வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் கடிதம் எழுதினோம்.

ஆனால் கடிதத்துக்குப் பதில் வரும்வரை சிமெண்டு மூட்டை காத்திருக்காது. ஊர்க்கூட்டத்தில் பேச இடம் கேட்டோம். "இது மூவாயிரம் ஆண்டுப் பழமை, தொடாதீர்கள்" என்று ஆரம்பித்திருந்தால் அன்றே இறங்கி வந்திருப்போம். நாட்டாண்மை கேட்ட கேள்வி நேரானது: "அப்படியானால் தீபம் எங்கே ஏற்றுவது?" அவர்களுக்கு வேண்டியது மேடு அல்ல, வெளிச்சம். மேட்டிலிருந்து 38 மீட்டர் வடமேற்கே ஒரு தட்டைப் பாறை உண்டு. இரண்டு மீட்டர் தாழ்வு. அங்கே கட்டலாமே என்றதும் மேட்டுத்தெருக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். கீழ்த்தெருவிலிருந்து ஒரு பெண் எழுந்து, அங்கே ஏற்றினால் தங்கள் தெருவுக்கு மலையின் தோள் மறைக்கும் என்றார். ஓரிருவர், "நாலு வீடுதானே, சமாளித்துக்கொள்வார்கள்," என்றார்கள். மேட்டைக் காப்பாற்றுவதற்காக ஒரு தெருவுக்கு விளக்கை அணைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இது அளக்கக்கூடிய பிரச்சினை. மறுநாள் அந்தியில் கல்லூரி மாணவனைத் தட்டைப் பாறையில் ஒரு மடக்கு ஏணியோடு நிறுத்தினோம். கையில் கைவிளக்கு. நான் கீழ்த்தெருவின் கடைசி வீட்டு வாசலில், இன்னும் இருவர் மற்ற தெருக்களில். தரையில் பிடித்தபோது எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் படியில் ஒரு மினுக்கு. ஐந்தாம் படியில் முழுதாகத் தெரிந்தது. வாசலில் நின்ற குழந்தைகள் கத்திய கத்தலில் தொலைபேசி தேவைப்படவில்லை. மேடையை ஐந்தடி உயர்த்திக் கட்டினால் மூன்று தெருவுக்கும் தீபம் தெரியும். ஊர் ஏற்றுக்கொண்டது. வேடியப்பனுக்கு வழக்கம்போல் பூசை, பழைய தீபமேடை இருந்தபடியே இருக்கும், குவியலிலிருந்து ஒரு கல்கூட எடுப்பதில்லை என்று எழுதி, நாட்டாண்மையும் பூசாரியும் கீழ்த்தெருவிலிருந்து இருவரும் கையெழுத்திட்டார்கள்.

இரண்டாம் தவறு

இங்கே நிறுத்தியிருந்தால் இந்தக் குறிப்பே தேவைப்பட்டிருக்காது. மகிழ்ச்சியில் நான் ஒரு செய்தியாளரிடம் பேசினேன். ஊர்ப் பெயர், மலைப் பெயர், மூடுகல்லின் படம், "உள்ளே அறை இருக்கலாம்" என்ற என் வாக்கியம், எல்லாம் அச்சில் வந்தன. செய்தியாளர்மீது குற்றமில்லை. கொடுத்ததைப் போட்டார்.

பதினோராம் நாள் தீபாவளியை ஒட்டிய அமாவாசை. ஊரெங்கும் வெடி. அந்த இரைச்சலில் கடப்பாரைச் சத்தம் யாருக்குக் கேட்கும்? காலையில் ஆடு ஓட்டிப் போனவர்கள் பார்த்துச் சொன்னார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மேட்டின் நடுவே ஆள் மட்டத்துக்குப் பள்ளம். பள்ளத்தின் நான்கு மூலையிலும் அறுத்த எலுமிச்சை, குங்குமம், சேவல் இறகு. மூடுகல்லில் ஆப்பு இறக்கி இரண்டாகப் பிளந்திருந்தார்கள். பிளவு சரியாக அளவைக் குறியின் நடுவே ஓடியது. ஒரு துண்டில் அரை வட்டம், இன்னொரு துண்டில் அரை வட்டம்.

புதையல் தேடி வந்தவர்களுக்கு என்ன கிடைத்திருக்கும்? இத்தகைய பதுக்கைகளில் பொதுவாக இருப்பவை பானைகள், இரும்புக் கருவிகள், எலும்பு, சில வேளை கல்மணிகள். மண் குவியலில் ஈமப்பேழையின் ஒரு கால், கருப்பு-சிவப்பு ஓடுகள், துருப்பிடித்துப் பொரிந்த இரும்புத் துண்டு ஒன்று, விரல்பட்டால் உதிரும் எலும்புத் துகள்கள். அவர்கள் வேண்டாம் என்று எறிந்தவைதான் அதன் முழுச் செல்வமும்.

தொடர்ந்து நடந்தவை

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். கிராம நிர்வாக அலுவலர் வந்தார். "தங்கம் ஏதும் இல்லையே, பிறகு என்ன?" என்பது அவரது முதல் கேள்வி. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டியதே என்று எடுத்துச் சொன்னதும், உட்கார்ந்து பட்டியல் எழுதினார். நல்ல கையெழுத்து அவருக்கு. ஓடு, கால், இரும்பு எல்லாவற்றையும் எந்த இடத்துக் குவியலில் கிடந்தன என்று சீட்டு எழுதிப் பைகளில் கட்டி, வட்டாட்சியர் அலுவலகத்தில் ரசீது பெற்று ஒப்படைத்தோம்.

பள்ளத்தை என்ன செய்வது? ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. மூடினால் அதிகாரிகள் பார்க்க முடியாது. திறந்து விட்டால் சுவர் சரியும். தார்ப்பாய் போட்டு, ஓரத்தில் மண்மூட்டை வைத்து, இரவில் இருவர் முறைபோட்டுக் காத்தார்கள். அந்த இருவரும் கீழ்த்தெருக்காரர்கள். ஒன்பதாம் நாள் துறையிலிருந்து அலுவலர் வந்து பார்த்தார்.

அவரோடு சேர்ந்து பள்ளத்தின் சுவரை வரைந்தோம். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, திருடர்கள் வெட்டிய அந்தச் சுவர் எங்களுக்குப் பாடம் நடத்தியது. மேலே எண்ணெய் ஊறிய கரிமண். அதற்குக் கீழே செங்கல் தூள். அதன் கீழே கற்குவை, அடியில் பதுக்கை. கிழக்குப் பலகையில் அரைவட்ட இடுதுளை, பலகையில் வெட்டிய வாய். தெற்கிலும் மேற்கிலும் பலகைகள் நின்றன. வடக்குப் பலகை இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் கலைந்த சல்லி, நெடுங்காலத்துக்கு முன்பே அமுங்கி இறுகியது. எனக்குச் சட்டென்று வேடியப்பன் நினைவு வந்தது. ஓடிப்போய் அளந்தேன். நடுகல்லின் பருமன் ஒன்பது சென்டிமீட்டர். பதுக்கைப் பலகைகள் ஒன்பதிலிருந்து பத்து. பாறையைச் சூடாக்கி உரித்த அதே பொருக்கு விளிம்பு. வீரனுக்குக் கல் நட்டவர்கள், தமக்கு முந்திய ஈமவீட்டின் சுவரை உருவியிருக்கலாம். இது எங்கள் ஊகம்; அறிக்கையில் ஊகம் என்றே எழுதினோம். ஆனால் அதற்குப் பிறகு, பின்வந்தவர்கள் எல்லாரும் மேட்டைப் பேணினார்கள் என்ற என் பேச்சை நான் குறைத்துக்கொண்டேன். சிலர் பேணினார்கள், சிலர் உருவினார்கள், சிலர் இரண்டையும் செய்தார்கள்.

அலுவலரின் யோசனைப்படி, பள்ளத்தின் அடியில் அந்த ஆண்டு அச்சிட்ட ஒரு ரூபாய் நாணயம் ஒன்றைப் போட்டு, ஓடைமணலைச் சலித்து நிரப்பினோம். நாளை யாராவது முறையாக அகழ்ந்தால், எதுவரை திருட்டுப் பள்ளம், எங்கிருந்து தொடாத மண் என்று அந்த மணல் காட்டும். மணலைத் தலைச்சுமையாக ஏற்றியவர்கள் ஊர்ப் பெண்கள், நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள். மூடுகல்லின் இரண்டு துண்டுகளையும் பொருத்திப் படுக்கவைத்தோம். சிமெண்டு பூசவில்லை. பிளவு தெரியட்டும், அதுவும் இனி அதன் கதையில் ஒரு பகுதி.

கார்த்திகையில் புதிய மேடையில் தீபம் ஏறியது. கீழ்த்தெரு கடைசி வீட்டு வாசலில் நின்றுதான் பார்த்தேன். மறுநாள் காலை மேட்டுக்குப் போனபோது, பிளந்த மூடுகல்லின் மேல், அளவைக் குறியின் புள்ளி இருந்த இடத்தில், யாரோ ஒற்றை அகல் வைத்திருந்தார்கள். திரி கருகி, எண்ணெய் பிளவுக்குள் இறங்கியிருந்தது. வைத்தது யார் என்று நான் விசாரிக்கவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இடத்தின் பெயரை அச்சில் கொடுக்கமாட்டேன். காவலும் பதிவும் அமையும் வரை துறைக்கும் ஊருக்கும் தெரிந்தால் போதும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், உள்ளே இருப்பது ஓடும் எலும்பும் என்பதைத் தலைப்பிலேயே சொல்லச் சொல்வேன். "அறை" என்ற சொல் ஒரு கடப்பாரைக்குச் சமம்.

ஒரு கல்லைத் தொடுமுன் அங்கே ஆடு மேய்ப்பவர்களோடு ஒரு முழு நாள் உட்காருவேன். முதல் நாளே அந்த மூதாட்டியிடம் கேட்டிருந்தால் குவியலின் வரிசை தப்பியிருக்கும். அவர் குடும்பத்தில் எத்தனை தலைமுறை அந்த மலையில் மேய்த்தது என்பதற்கு இருந்த ஒரே சான்று அது. அதைக் கலைத்தது புதையல் திருடன் அல்ல, நாங்கள்.

ஊர்க்கூட்டத்துக்கு முன்பே கீழ்த்தெருவுக்குப் போயிருக்க வேண்டும். அந்தப் பெண் எழுந்து பேசியதால் தப்பித்தோம். பேசாமல் இருந்திருந்தால், மேட்டைக் காப்பாற்றியதாக எழுதிவிட்டு, அந்தத் தெருவில் அதற்கு ஒரு பகையை விட்டுவிட்டு வந்திருப்போம்.

எதையும் அகற்றாமல் விட்ட முடிவை மட்டும் மாற்றமாட்டேன். எங்கள் இளைஞர் இதில் இன்னும் என்னோடு முழுதாக உடன்படவில்லை. சிமெண்டுப் பூச்சையாவது எடுத்திருக்கலாம் என்கிறார். 1987 என்று கீறியவர் இப்போது ஊரில் பேரன் பேத்தியோடு இருக்கிறார் என்று சொன்னேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

இன்றைய நிலை

திருடர்கள் பிடிபடவில்லை. 1966-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி அந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கக் கோரிய மனு நிலுவையில் இருக்கிறது. அதற்கிடையே, ஊர் நிலங்களின் வருவாய்க் கணக்கான அ-பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் "கல்லாங்குத்து" என்பதோடு "ஈமச்சின்னம் உள்ளது" என்று இரண்டு சொல் சேர்க்கும்படி வட்டாட்சியர் அலுவலகத்தில் தனியாக ஒரு மனு கொடுத்திருக்கிறேன். மூன்று முறை நினைவூட்டியாகிவிட்டது. போன தை மாதம் மேலே போனபோது குட்டிக் கணக்குக் குவியலை எண்ணினேன். 144 இருந்தன.